கிளை விட்ட சங்கிலி

பதினேழாவது ஃபிலிமும் பல்லிளித்தது. சமையல்காரர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்து இமைகளைத் தேய்த்துக்கொண்டார். அலுப்பு எலும்பு வரை இறங்கியிருந்தது.

சமையல்காரர் என்பது கிண்டலுக்கு வைத்த பேர். மனிதருக்கு வீட்டில் வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. அவர் காய்ச்சுவது பாலிமர். அதைக் கரைத்து, கண்ணாடித் துண்டில் ஊற்றிச் சுழற்றி, வெங்காயச் சருகைவிட மெல்லிய ஃபிலிமாக்குவது மாடி அறையில் இருக்கும் ஃபிலிம்காரம்மாவின் வேலை. பாலிமர்ச் சங்கிலியில் ஒரு பாதிக்குத் தண்ணீர் பிடிக்கும், மறுபாதி தண்ணீரைக் கண்டாலே முகம் சுளிக்கும். இந்தச் சண்டையிலேயே சங்கிலிகள் காயும்போது தாமாக வரிவரியாக அடுக்கிக்கொள்ள வேண்டும். வரிகளில் தோல் செல்கள் ஒழுங்காகப் படுத்து வளர்ந்தால், தீப்புண்ணுக்கு உடம்பு ஒதுக்கித் தள்ளாத ஒரு போர்வை கிடைக்கும். மூன்று வருடத்துக்கு முன் காய்ச்சிய முதல் புட்டியில் அது ஜோராக நடந்தது. கட்டுரை வந்தது, கைதட்டினார்கள். அந்தப் புட்டி தீர்ந்து புதியதைத் தொட்டதும் பிடித்தது சனியன். நாலு மாதமாக வரியே இல்லை, வெறும் திட்டுத் திட்டு.

மாதக் கடைசிக்குள் வரி வராவிட்டால் ஃபிலிம்காரம்மாவின் ஒப்பந்தம் நீளாது என்று இயக்குநர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

சமையல்காரர் தன் பாலிமரில் அழுக்கிருக்கிறதோ என்று மூன்று தடவை, ஐந்து தடவை சுத்தம் செய்து கொடுத்துவிட்டார். குற்றம் மாடி அறைக் கையில்தான் என்பது அவர் மனதுக்குள் போட்டுவைத்த தீர்ப்பு.

அன்று காலை ஃபிலிம்காரம்மாவே இறங்கி வந்தார். "பழைய புட்டியைச் சுரண்டினேன். நகக்கண் அளவு தேறுச்சு. உங்க மெஷின்ல போட்டுப் பாருங்களேன்."

"ரெண்டும் ஒரே செய்முறைதானே. அதுல என்ன புதுசா தெரியப் போகுது?"

"நீங்க அப்படிச் சொல்றீங்க. ஃபிலிம் ஒத்துக்க மாட்டேங்குதே."

வேண்டாவெறுப்பாகப் போட்டார். அந்தக் கருவி சங்கிலிகளை அளவுவாரியாகப் பிரித்து, வரைபடத்தில் மேடு மேடாகக் காட்டும். புதிய பாலிமருக்கு ஒல்லியான ஒற்றை மேடு. பழையதற்கு அதன் பக்கத்தில் இன்னொரு குட்டி மேடு கூன் போட்டு நின்றது. சில சங்கிலிகள் நேராக வளராமல் கிளை விட்டிருந்தன. வரி விழவைத்தது அவைதான். அதிக நேரம் சூட்டில் கிடந்தால்தான் கிளை விடும். ஆனால் நோட்டில் அவர் கையெழுத்தில், 'காலை ஒன்பதுக்கு ஆரம்பம். இரண்டு மணி நேரம். நிறுத்தியாயிற்று' என்று இருந்தது.

அப்போதுதான் முதல் புட்டி காய்ச்சிய நாள் நினைவுக்கு வந்தது. நாலு வயது மகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது. குடுவையை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். திரும்பி வந்து இறக்கியவர், கைப்பழக்கத்தில் வழக்கமாக எழுதுவதையே எழுதிவிட்டார். அந்த ஒரு வரியை நம்பித்தான் ஒரு பெண்பிள்ளை நாலு மாதம் நாயாய் உழைத்திருக்கிறாள்.

கருவி மக்கர் செய்கிறது என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஒன்பது நாளில் ஃபிலிம்காரம்மா போய்விடுவார். இப்படி ஒரு நினைப்பு வந்ததற்கே சமையல்காரருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. மாடிப்படி ஏறினார்.

சொல்லி முடித்தபோது ஃபிலிம்காரம்மா கத்தவில்லை. கத்தத் தெம்பில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என் கையைத்தான் சார் நான் சந்தேகப்பட்டேன்." பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு, "சரி, விடுங்க. எத்தனை மணி நேரம் சூட்டில கிடந்துச்சு?" என்று கேட்டார்.

"நாள் பூரா பாப்பா பக்கத்துலயே இருந்தேன். ஒரு எட்டு மணி நேரம் இருக்கும்."

"எட்டுன்னா குடுவையிலயே கட்டிதட்டியிருக்குமே. காய்ச்சி, சுத்தம் பண்ணி, ஃபிலிம் போட்டுப் பார்க்க ஒன்பது நாள்ல ஒரு தடவைதான் முடியும் சார். சரியான நேரம் வேணும்."

கேட்க ஒரே ஆள்தான் இருந்தாள். மனைவிக்குப் போன் போட்டு, ஃபிலிம்காரம்மாவுக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார்.

மனைவி யோசிக்கக்கூட இல்லை. "பதினொன்னு இருபதுக்கு வந்தீங்க. ஒன்றரைக்குக் கிளம்பிட்டீங்க. வேலையைப் பாதியில விட்டுட்டு வந்துட்டேன்னு சொன்னீங்க."

"அவ்வளவு நேரம்தானா இருந்தேன்?"

"அவ்வளவுதான். அவ கண்ணு முழிச்சது ரெண்டு மணிக்கு. அப்பா எங்கேன்னு கேட்டா."

"இதெல்லாம் இன்னுமா ஞாபகம் வச்சிருக்கே?"

"நான்தானே உக்காந்திருந்தேன்," என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

ஃபிலிம்காரம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "ஆஸ்பத்திரியிலேருந்து இங்க வர எவ்வளவு நேரமாகும்?"

"அரை மணி நேரம்," என்றார் சமையல்காரர். கூட்டிப் பார்க்க அவருக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. மகள் கண் திறந்து அப்பாவைக் கேட்ட நேரத்தில் அவர் குடுவையை இறக்கிக்கொண்டிருந்தார்.

"அஞ்சு மணி நேரம்," என்றார். "எழுதிக்கோங்க. இது சரியான நேரம்."