ஆறு வெளிறிய இமைகள்

பதினாறாம் வாரத்தின் எடைத்தாளை மேசைமேல் விரித்த கால்நடை மருத்துவர் நாற்காலியில் தொப்பென உட்கார்ந்தாள். பன்னிரண்டு ஆடுகளும், பேசி வைத்துக்கொண்டவை போல, ஏறக்குறைய ஒரே எடையில் நின்றன.

அவற்றுள் ஆறனுக்குப் பூசணி விதை அளவேயான சிறிய ஈரல் புழுவையும், ஏனைய ஆறனுக்கு விரல் நீளம் வளரும் பெரிய ஈரல் புழுவையும், ஆட்டுக்கு இருநூறு புழுக்குஞ்சுகள் என எண்ணிப் புகட்டியிருந்தார்கள். எந்த ஆட்டுக்கு எந்தப் புழு என்பது ஆய்வு நிலையத் தலைவரின் முத்திரையிட்ட உறைக்குள் மட்டுமே இருந்தது. பெரியதே கொடியது என்று அனைவரும் சொல்ல, இவ்வின ஆடுகளைச் சிறியதுதான் கடுமையாக வாட்டும் என்று எழுதிக் கொடுத்து இந்த ஆய்வைப் பெற்றவள் அவள். எடையில் வேறுபாடு இல்லையெனில் ஆய்வு இன்றே மூடப்படும். வாரந்தோறும் எடுத்த குருதிக் குப்பிகளும் சோதிக்கப்படாமலே கொட்டப்படும்.

கொட்டிலைப் பார்த்துக்கொள்பவள் அவளுடைய அண்ணி. வாளியோடு உள்ளே வந்தாள்.

“என்ன, பரீட்சைல முட்டை வாங்கின மாதிரி உக்காந்திருக்க?”

“எல்லா ஆடும் ஒரே எடை அண்ணி. உள்ள புழு இருக்கிறதாவே தெரியல.”

அண்ணி வாளியை மெல்ல இறக்கி வைத்தாள்.

“திட்ட மாட்டேன்னா ஒண்ணு சொல்றேன்.”

“திட்டுவேன். சொல்லுங்க.”

“சில ஆட்டுக்கு இமையப் பிதுக்கிப் பாத்தா சுண்ணாம்பா வெளுத்திருந்துச்சு. ரத்தத்த உள்ள உறிஞ்சுதுல்ல? மனசு கேக்கல. அதுங்களுக்கு மட்டும் தெனம் ரெண்டு கை புண்ணாக்கு கூட வெச்சேன்.”

மருத்துவர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

“நாலு மாச உழைப்பு அண்ணி! எல்லாத்துக்கும் ஒரே அளவு தீனின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே.”

“என்கிட்ட சொன்ன. அந்த ஆடுங்ககிட்ட யாரு சொன்னது?”

நாற்காலியை நிமிர்த்தக் குனிந்த மருத்துவர் சட்டெனத் திரும்பினாள்.

“எத்தன ஆட்டுக்கு வெச்சீங்க?”

“ஆறு.”

ஒவ்வொரு வகைப் புழுவுக்கும் ஆறு ஆடுகள்தானே! “எந்த ஆறு?”

“நம்பரெல்லாம் ஞாபகம் இல்ல. தெனம் பாத்து வைக்கக் கதவுக்குப் பின்னால எழுதியிருக்கேன்.”

இருவரும் ஓடினார்கள். கொட்டில் கதவின் உட்புறத்தில் சுண்ணக்கட்டியால் ஆறு எண்களும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் இமை வெளுத்த வாரமும் இருந்தன: இரண்டு, மூன்று, ஏழு, எட்டு, பத்து, பன்னிரண்டு.

செய்தி கேட்டு வந்த தலைவர் அங்கேயே உறையைக் கிழித்தார். திரை விலகக் காத்து நிற்கும் அடியவரைப் போல மருத்துவர் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

“சின்னப் புழு கொடுத்தது... ரெண்டு. மூணு.” அவர் கதவைப் பார்த்தார். “ஏழு. எட்டு.” குரல் ஏறியது. “பத்து.”

“பன்னெண்டு,” என்றாள் அண்ணி.

“பன்னெண்டு,” என்றார் அவரும்.

“கண்ண மூடிக்கிட்டு ஆறு ஆட்டப் பிரிச்சா, தொள்ளாயிரம் தடவைக்கு ஒரு தடவதான் சார் இப்படி அமையும். அதுவும் புண்ணாக்கு கூடத் தின்னும் மத்ததுங்களத் தாண்டி வளரல. புண்ணாக்கு இல்லன்னா எப்படி மெலிஞ்சிருக்கும்!” என்றாள் மருத்துவர்.

“அது உன் ஊகம். எடைக் கணக்கு கெட்டது கெட்டதுதான். ஏன் கெட்டதுன்னு மறைக்காம எழுதணும்.”

“எழுதுறேன் சார்.”

“ஆனா எதுக்கு எந்தப் புழுன்னு தெரியாத ஒருத்தங்க, வாரம் குறிச்சு, ஒண்ணுகூடத் தப்பாம பிரிச்சிருக்காங்க. இத எப்படி மூடறது? குப்பிங்கள நாளைக்கே சோதனைக்கு அனுப்பு. கதவ யாரும் துடைக்காதீங்க.”

“அப்ப மருந்து குடுக்கலாமா?” என்றாள் அண்ணி. “ஏழாம் நம்பர் நிக்கவே யோசிக்குது.”

தலைவர் தலையசைத்தார். அண்ணி ஏழாம் ஆட்டின் முகவாயை ஏந்திப் பிடிக்க, மருத்துவர் மருந்தை மெல்லப் புகட்டினாள்.

“திட்டினத மனசுல வெச்சுக்காதீங்க அண்ணி.”

அண்ணி ஈரக்கையாலேயே அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்தாள்.

“நல்லாச் செவப்பாத்தான் இருக்கு. உனக்குப் புண்ணாக்கு கெடையாது.”