அங்கிருந்து எடுத்தது

கிழவி உம் வஹீப் பழக்கத்தில் கையை நீட்டிவிட்டாள். பெண்பிள்ளை என்றால் குளிப்பாட்டும்போது முடியை மூன்றாகப் பிரித்துப் பின்ன வேண்டும். அந்தப் பகுதியில் எந்தப் பெண் இறந்தாலும் மையித்தைக் குளிப்பாட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள், கை தானாகப் போய்விட்டது. தாலீனின் தலையில் பின்ன ஒன்றுமில்லை. புற்றுநோய் மருந்து முடியைக் கொட்டவைத்த இடத்தில் பூனைக்குட்டிக்கு இருப்பதுபோல் கொஞ்சம் பூமுடி வந்திருந்தது. கிழவியின் விரல்கள் சற்று நின்றன. பிறகு அந்தப் பூமுடியையே மூன்று தடவை வருடிவிட்டுத் திரும்பின.

"ஊத்தும்மா," என்றாள்.

ஹனாதி கற்பூரம் கலந்த கடைசித் தண்ணீரைச் சாய்க்கப் போனாள். அக்கா அபீர் குறுக்கே முழங்கையை நீட்டி அதில் தொட்டுப் பார்த்தாள், பச்சைக் குழந்தைக்குச் சூடு பார்ப்பதுபோல. "கொஞ்சம் வெந்நீர் சேரு. அவளுக்குக் குளிரும்." ஹனாதி வெந்நீர் சேர்த்தாள். தாலீனுக்கு நான்கு வயது. அவளைப் பெற்ற அபீர் விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, அதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது.

துடைக்கும்போது அபீரின் கை குழந்தையின் வயிற்றில் கட்டியை எடுத்த நீளமான தழும்பின்மேல் வந்து நின்றது.

"இங்கருந்து எடுத்தாங்களே, அத எங்க வச்சாங்க?"

"ஆஸ்பத்திரியில எடுக்கிறதெல்லாம்..." என்று ஹனாதி தொடங்கினாள்.

உம் வஹீப் நல்லது செய்வதாக நினைத்து வாயைத் திறந்தாள். "என் மச்சானுக்குச் சக்கரையில காலை எடுத்தாங்க. துணியில சுத்தி வாங்கிட்டு வந்து மண்ணுல வச்சோம். அவர் போனப்ப அது பக்கத்துலயே அவரையும் வச்சோம். உடம்பு மண்ணுக்குச் சேர வேண்டியதும்மா, ஒரு துண்டுன்னாலும்."

அபீர் தங்கையைப் பார்த்தாள். "நீ அங்கதானடி வேலை பாக்குற. போய் எடுத்துட்டு வா. அது வராம கபன் துணி கட்ட விடமாட்டேன்."

குடும்பத்துக்கு ஹனாதி, ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்க்கிறவள், அவ்வளவுதான். பெருநாள் விருந்துக்குப் போனால் அத்தைமார்கள் பழுதான போன்களை எடுத்து நீட்டுவார்கள். அவள் என்ன செய்கிறாள் என்று ஒழுங்காகக் கேட்டது அபீர் மட்டும்தான். அதுவும் தாலீன் பிறப்பதற்கு முன்பு. கருவில் பிள்ளை வளர்வதற்கென்று உடம்பில் சில விளக்குகள் எரியும், பிறந்தபின் அவை அணைந்துவிட வேண்டும், சில குழந்தைகளுக்கு அணைவதில்லை, அந்த இடத்தில்தான் கட்டி வருகிறது, எந்த விளக்கு, அதன் சுவிட்சு எங்கே என்று நான் தேடுகிறேன் என்று ஹனாதி சொல்லியிருந்தாள். "கிடைச்சா சொல்லு," என்று சிரித்தாள் அபீர், நிறைமாத வயிற்றைத் தடவியபடி.

ஹனாதியின் ஆய்வுக்கூடத்துக்கு வரும் கட்டிகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆனால் நான்கு வயதுப் பெண், அறுவை நடந்த தேதி, இவை போதும், ஹனாதி கண்டுபிடித்துவிட்டாள். எடுத்ததில் ஒரு துளியை, அங்கே கூட வேலை பார்க்கும் கைஸ் புட்டியில் போட்டுத் தீனி ஊற்றி வைத்திருந்தான். வழக்கமாக அவை சில நாளில் செத்துப்போகும். இது பிழைத்தது, பெருகியது. கைஸ் சந்தோஷம் தாங்காமல் ஒரு தட்டு குனாஃபா இனிப்பு வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தான். யாருடையது என்று அவனுக்குத் தெரியாது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பானே என்று ஹனாதியும் ஒரு துண்டு தின்றாள்.

வெளியே கதவைத் தட்டினார்கள். தாலீனின் அப்பா முன்தர். "முடிஞ்சுதா? அஸருக்கு பாங்கு சொல்லப் போறாங்க. தொழுகை முடிஞ்சதும் தூக்கணும்."

"தூக்க மாட்டீங்க," என்றாள் அபீர், குரலை உயர்த்தாமல்.

ஹனாதி நடைக்குப் போய்க் கைஸைப் போனில் கூப்பிட்டாள். எண்ணைச் சொன்னாள். அது என் அக்கா பொண்ணு என்றாள்.

"நான் குனாஃபா வாங்கினேனே," என்றான் கைஸ்.

"அத விடு, கைஸ். இப்ப எடுத்துட்டு வர முடியுமா?"

"ஆய்வுக்கூடப் பெரியவர்கிட்ட நான் பேசிக்கிறேன், கொண்டு வரேன். ஆனா உயிரோட வெளிய எடுக்க விடமாட்டாங்க. ப்ளீச் ஊத்திக் கொன்னுட்டுத்தான் தரணும்."

அவள் திரும்பி வந்தபோது அபீர் கபன் துணியின் ஓரத்தைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். எல்லாவற்றையும் எரித்துவிட்டார்கள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து ஹனாதி எத்தனையோ பொய் சொல்லியிருந்தாள், வலி இல்லாமத்தான் போனா என்பது உட்பட. குழந்தை அங்கே கிடக்க, அந்த அறைக்குள் இன்னொரு பொய் அவளுக்கு வரவில்லை.

"வந்துடும்க்கா. கொஞ்சம் நேரமாகும். அதுக்கு முன்னாடி அவங்க அத நிறுத்தணும்."

"நிறுத்தறதுன்னா?"

"கொஞ்சத்தப் புட்டியில வச்சிருக்காங்க. அது... வளந்துட்டிருக்கு."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. உம் வஹீப் உதட்டுக்குள் ஓதுவதை நிறுத்திவிட்டாள்.

"உயிரோடயா இருக்கு?"

"ஆமா."

"என்ன சாப்பிடும்?"

"ஒரு செவப்புத் தண்ணி. சக்கரை, உப்பு எல்லாம் கலந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்துவாங்க."

"இவளுக்கு ஒரு கரண்டி தயிர் இறங்கல," என்றாள் அபீர். "அது சாப்பிடுதா?"

ஹனாதிக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அக்கா, அது தாலீன் இல்லை. தாலீனைத் தின்றதே அதுதான். உனக்குச் சொந்தமில்லாதது அது, அவளுக்குத் தயிர் இறங்காமல் செய்ததும் அதுதான். சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஆனால் அபீரின் முகத்தில் விடிந்ததிலிருந்து முதல்முறையாக ஏதோ அசைந்தது, அதை அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"கொல்லச் சொல்லாத," என்றாள் அபீர். "உயிரோட இருக்கறத எப்படிடி மண்ணுல வைக்கிறது? யாரும் தொடக் கூடாது." துணியை விட்டாள். "கட்டுங்க, உம் வஹீப்."

ஹனாதி மறுபடி நடைக்குப் போய், கொல்ல வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று கைஸிடம் சொன்னாள். ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வீட்டுக்குத் திரும்பி நாற்காலிகளைச் சுவரோரம் போட்டார்கள். மூன்று நாளும் சர்க்கரை இல்லாத காபியும் பேரீச்சம்பழமும் சுற்றிச்சுற்றி வந்தன. ஓர் அத்தை ஹனாதியைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்தபடி, "வந்ததும் வந்த, இந்தப் போன் சார்ஜ் ஏறமாட்டேங்குது, என்னன்னு பாரு," என்றாள். அபீர் எழுந்து வருகிறவர்களை உட்காரவைத்தாள், தலையாட்டினாள். வாயில் ஒரு பருக்கை வைக்கவில்லை. "தண்ணி மட்டும்தான் குடிக்கிறா," என்று முன்தர் நடையில் நின்று ஹனாதியிடம் சொன்னான். "நீ சொன்னாக் கேப்பா. எனக்கு இவளும் போயிடுவாளோன்னு இருக்கு."

துக்கம் கேட்கிற நாட்கள் முடிந்து ஹனாதி வேலைக்குப் போனாள். தன் நாற்காலிக்குப் போகாமல் நேராகக் கைஸின் அறைக்குப் போனாள். இத்தனை வருடத்தில் அவள் பார்த்ததெல்லாம் திரையில் ஓடும் எழுத்துகளும் கலர்க் கட்டங்களும்தான். கைஸ் ஒன்றும் கேட்காமல் புட்டியை மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்து நகர்ந்துகொண்டான். குனிந்து பார்த்தாள். சின்னச்சின்ன உருண்டைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இருந்தன. தாலீனின் ஜாடை ஏதுமில்லை. அப்படி ஒன்றை எதிர்பார்த்து வந்திருந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

புட்டியில் இருந்த சிவப்பு, மஞ்சளாகியிருந்தது. கைஸ் அதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றினான். "நல்லாச் சாப்பிட்டிருக்கு, அதான் மஞ்சளாயிடுச்சு," என்றான். பிறகு தயங்கினான். "ஹனாதி, நீ கம்ப்யூட்டர்ல தேடி எடுத்த பட்டியல்ல இருக்கற மருந்துங்க வந்துடுச்சு. எது இத அணைக்குதுன்னு பாக்கணும். வார்டுல அதே நோயோட இன்னும் ரெண்டு பிள்ளைங்க கிடக்குது. நீ வேண்டாம்னு சொன்னா வேற யாரோடதையாவது..."

"வேற யாரோடதும் பிழைக்கலையே," என்றாள் ஹனாதி.

"இல்ல."

அவள் மறுபடி ஒருமுறை குனிந்து பார்த்தாள். "ஞாயித்துக்கிழம வேலை வாரம் தொடங்கினதும் ஆரம்பி."

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள். முன்தர் மேசையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான், தின்னவில்லை. அபீர் அடுப்படியில் நின்றாள். பருப்பும் அரிசியும் சேர்த்துச் செய்த முஜத்தரா, மேலே வறுத்த வெங்காயம். ஹனாதிக்கு ஒரு தட்டில் போட்டாள். தட்டை நீட்டாமல் பிடித்துக்கொண்டே, திரும்பிப் பாராமல் கேட்டாள்.

"சாப்பிட்டுச்சா?"

முன்தர் நிமிர்ந்து இருவரையும் பார்த்தான். பக்கத்து வீட்டுப் பூனையைக் கேட்கிறாள் என்று நினைத்திருப்பான்.

"சாப்பிட்டுச்சுக்கா," என்றாள் ஹனாதி. "நல்லா சாப்பிட்டுச்சு."

அபீர் தட்டை மேசையில் வைத்தாள். கேட்காமலேயே இன்னொரு கரண்டி போட்டாள். பிறகு அலமாரியைத் திறந்து தனக்கும் ஒரு தட்டை எடுத்தாள்.