கம்பெனிக்கு எந்த நாடு

கதவு மூடுவதற்குள் கோணூசி தன் வலது காலை இடையில் நுழைத்துவிட்டாள். இரும்புக் கதவு வந்து கணுக்காலில் மோதியது. வலித்ததை அவள் காட்டிக்கொள்ளவில்லை.

"காலை எடும்மா, நசுங்கிடும்," என்றான் காவல்காரன்.

"நசுங்கட்டும். குடிச்சிட்டு வந்து காலை விட்டாள்னு அதையும் எழுதிக்குங்க."

கோணூசி என்றால் சாக்கு தைக்கிற ஊசி. கிடங்கு கிடங்காகச் சாக்கு தைத்தே அவளுக்கு விரல்கள் காய்த்துப் போயிருந்தன. பேர் தொழிலால் வந்ததா வாயால் வந்ததா என்று கேட்டால் சுமைக்காரர்கள் சிரிப்பார்கள். உள்ளே, கிரேனுக்கு அடியில், அவளுடைய மருமகன் செத்துக் கிடந்தான். எந்த வெயிலிலும் மணிக்கட்டுவரை பொத்தான் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவதால் அவனை எல்லோரும் முழுக்கை என்பார்கள். காலையில் கிரேன் சங்கிலி அறுந்து பெட்டி அவன்மேல் விழுந்தது. பெட்டியைப் புரட்டுவதற்கு முன்பே மேனேஜர் மாடியில் நின்றபடி சொல்லிவிட்டார், ஆள் குடித்திருந்தான், பாரத்துக்குக் கீழே தானாகப் போய் நின்றான் என்று.

மகள் அழக்கூட இல்லை. கிளம்பும்போது வீட்டு வாசலில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். "சும்மா தூக்கிட்டு வந்துடாதம்மா. அதிகாரத்துல இருக்கற யாராவது அவரையும் பாக்கணும், அந்தச் சங்கிலியையும் பாக்கணும். குடிகாரன்கிற பேரோட அவரைப் புதைக்கக் கூடாது."

கதவு இடுக்கில் கம்பெனிக் கணக்கரின் முகம் தெரிந்தது. "நீயே தெருவுல நின்னு அவனைக் குடிகாரன்னு திட்டினவதானே? ஊரே கேட்டுச்சு. இப்ப என்ன புதுசா?"

"நான் திட்டுவேன். என் மருமகன். நீ யாரு?"

கணக்கர் உள்ளே போய்விட்டார். எதிரே நிழலில் நின்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் வேறு பக்கம் பார்த்தார். அவளுடைய பார்வை அங்கேயும் போய்த் தைத்ததும் அருகில் வந்தார்.

"என்னை முறைச்சு என்ன ஆகப்போகுது? இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நான் கால் வச்சா என் வேலை போயிடும். வெளிநாட்டுக் கம்பெனி. ஒப்பந்தம் அப்படி. அவங்க நாட்டுத் தூதர் இருக்காரே, கான்சல், அவர்தான் வந்து விசாரிக்கணும்."

"எந்த நாட்டு கான்சல்?"

இன்ஸ்பெக்டர் கூரையை அண்ணாந்து பார்த்தார். நேற்றுவரை சிங்கக்கொடி பறந்த கம்பத்தில் இப்போது வெறும் கயிறு மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

"அதைத்தான் முதல்ல கேட்டுட்டு வாங்க," என்றார்.

சுமைக்காரர்களின் மேஸ்திரி அவள் தோளைத் தொட்டான். "காலை எடுக்கா. நம்ம பசங்க வாசலை அடைச்சு உக்காந்துக்கட்டும். பின்பக்கம் கடல்தான், ஒத்தையாள் படகு ஒண்ணுதான் கிடக்கு. முழுக்கையை யாரும் எங்கயும் கொண்டுபோக முடியாது. நாம போய்ட்டு வருவோம்."

சிங்கக்கொடி நாட்டு மாளிகையில் கான்சல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குமாஸ்தாதான் வந்தார். நின்றுகொண்டே பேசினார். கம்பெனி தங்கள் நாட்டில் பதிவானது உண்மைதான் என்றார். ஆனால் பதிவு வெறும் விலாசம். முதல் போட்டவர்கள் யார், நிர்வாகம் யார் கையில் இருக்கிறது, அதைத்தான் பார்க்க வேண்டும். பங்கில் பெரும்பகுதி இப்போது பட்டைக்கொடி நாட்டுக்காரர்களுடையது. ஆகவே இது தங்கள் கம்பெனி இல்லை.

"போன வருஷம் நாங்க வேலைநிறுத்தம் பண்ணப்போ உங்க சிப்பாய்ங்கதானே வந்து எங்களை அடிச்சாங்க?" என்றான் மேஸ்திரி. "இந்தப் பாருங்க, தையல் போட்ட தழும்பு."

"போன வருஷம் பங்கு வேற மாதிரி இருந்தது."

"பாதி ராத்திரியில கூப்பிட்டாலும் ஓடி வந்தீங்களே ஐயா," என்றாள் கோணூசி. "இப்ப பட்டப்பகல். பக்கத்துத் தெரு. ஒரு ஆளை அனுப்பிப் பாக்கச் சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்?"

"பார்த்தா எங்க கம்பெனின்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா." குமாஸ்தா இதைக் கொஞ்சம் இரக்கமாகவே சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பட்டைக்கொடி மாளிகை நாலு வீடு தள்ளி இருந்தது. அங்கே மேசையில் ஒல்லியான அதிகாரி ஒருவர் இருந்தார். அவள் பேச்சை முழுக்கக் கேட்டார், உட்காரக்கூடச் சொன்னார். பிறகு, பணம் எங்கிருந்து வந்தது என்பது முக்கியமில்லை என்றார். பணத்துக்கு ஊர் கிடையாது. ஒரு கம்பெனி எங்கே பதிவானதோ அதுதான் அது பிறந்த ஊர். ஆகவே சிங்கக்கொடிக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

"அவங்க உங்களைக் கை காட்டறாங்க."

"அது அவங்களோட கருத்து."

"மேனேஜர் எந்த ஊருய்யா?"

"அவர் மூணாவது நாடு. அந்த நாட்டுக்கு இங்க கான்சலே கிடையாது."

வெளியே வந்ததும் மேஸ்திரி எச்சிலைக் கூட்டித் துப்பினான். "லாபம் வர்றப்போ மூணு அப்பன். சாவு விழுந்தா அனாதைப் பொணம். முழுக்கை இல்லக்கா, கம்பெனிதான் அனாதை. நாமதான் அதுக்குக் கொள்ளி வைக்கணும் போல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை வாயிலேயே அடக்கிக்கொண்டு நடந்தாள். முழுக்கை இருந்தால் இதற்கு அவனும் சிரித்திருப்பான். அவள் எதிரில் சிரிக்கமாட்டான். ஆனால் மகளிடம் போய்ச் சொல்லிச் சிரிப்பான்.

கிடங்கு வாசலில் சுமைக்காரர்கள் எழுந்திருக்கவே இல்லை. துறையில் கப்பல் காத்துக்கொண்டிருந்தது. பெட்டி ஏற்றப்படாமல் நின்றதில் கப்பல் அதிகாரி இரண்டு முறை வந்து கத்திவிட்டுப் போயிருந்தார். மேனேஜர் ஜன்னலை மூடிக்கொண்டார். கணக்கர் பின்வாசல் படகில் ஏறி எங்கேயோ போனதைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான்.

எங்கே போனார் என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. தெருக்கோடியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. பட்டைக்கொடிச் சிப்பாய்கள் வரிசையாக வந்தார்கள், முன்னால் அதே ஒல்லி அதிகாரி. அவர் யாரையும் பார்க்காமல், உள்ளே இருக்கும் சரக்கு தங்கள் நாட்டுப் பிரஜைகளின் சொத்து, வழிமறிப்பவர்கள் அதற்கான விளைவைச் சந்திக்க நேரும் என்று அறிவித்தார். கம்பத்தில் பட்டைக்கொடி ஏறியது. புதுத்துணி, மடிப்புகூடக் கலையவில்லை.

கோணூசி எழுந்து அவரிடம் போனாள். அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்திருந்தது.

"அப்ப உங்க கம்பெனிதான்னு ஆயிடுச்சு. நல்லதாப் போச்சு ஐயா. உள்ள வாங்க. வந்து அவனைப் பாருங்க."

"சரக்குக்குத்தான் நாங்க பாதுகாப்பு தர்றோம்மா. கம்பெனி யாருடையதுங்கறது இன்னும் முடிவாகலை."

"சரக்கு உங்களுது. சரக்கு விழுந்து செத்தவன்?"

"அவரு எங்க பிரஜை இல்லையே."

சிப்பாய்கள் துப்பாக்கியைக் குறுக்காகப் பிடித்துத் தள்ளினார்கள். அடிக்கவில்லை. அடிக்கத் தேவைப்படவில்லை. தழும்புள்ள இடத்தைக் கையால் மறைத்தபடி முதலில் எழுந்தவன் மேஸ்திரிதான். பிறகு மற்றவர்கள். கதவு அகலத் திறந்தது.

கிரேனில் புதுச் சங்கிலி மாட்டியிருந்தார்கள். எண்ணெய் பளபளத்தது. பழையதை அவள் தேடிப் பார்த்தாள், எங்கேயும் இல்லை. பின்னால் கடல் இருந்தது.

முழுக்கையை ஒரு கைவண்டியில் கிடத்தியிருந்தார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட ஆட்கள் மீன்பெட்டியிலிருந்து ஐஸ் எடுத்து வந்து சாக்கில் கட்டி அவனைச் சுற்றி அடுக்கியிருந்தார்கள். யாரும் சொல்லாமலே செய்திருந்தார்கள். "சீக்கிரம் எடுத்துட்டுப் போங்க, வழியில இருக்கு," என்றார் சிப்பாய்களோடு திரும்பி வந்திருந்த கணக்கர். "வண்டி கம்பெனியோடது. திரும்பி வரணும். மேஸ்திரி, நீதான் பொறுப்பு."

கோணூசி வண்டியருகே போய்க் குனிந்தாள். அவன் முகத்தை மூடியிருந்த சாக்கை விலக்கினாள். அவனோடு ஒரே கூரையின் கீழ் இருந்த காலத்தில் ஒருநாளும் அவன் முகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் போனதில்லை. அவன் வாயருகே மூக்கை வைத்து மூச்சை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். இரும்பு வாடை, ரத்த வாடை. காலையில் வீட்டில் குடித்துவிட்டு வந்த கஞ்சியின் புளிப்பு.

நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தாள்.

"வாங்கய்யா. நீங்களும் மோந்து பாருங்க. இதுக்கு எந்த நாட்டு மூக்கா இருந்தாலும் போதும்."

அதிகாரி கைக்குட்டையை எடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு சிப்பாய்களிடம் ஏதோ சொன்னார். சுமைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். "வண்டி, வண்டி," என்றார் கணக்கர். கிரேன் நகரத் தொடங்கியிருந்தது.

அவள் சாக்கை இழுத்து அவன் முகத்தை மூடினாள். மேஸ்திரியும் இரண்டு பேரும் வண்டியைத் தள்ளினார்கள். வாசலில் அவர்கள் நிற்க வேண்டியிருந்தது. பெட்டி ஏற்றிய வண்டிகள் முதலில் போகட்டும் என்று ஒரு சிப்பாய் கையைக் காட்டினான். அவை போகப்போக வந்துகொண்டே இருந்தன.

வீட்டில் மகள் ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள். ஆனாலும் கேட்டாள்.

"யாராவது பாத்தாங்களாம்மா?"

"நான் பாத்தேன்."

மகள் தலையசைத்தாள். அவன் சட்டையின் இடது கைப் பொத்தான் கழன்றிருந்தது. அதைப் போட்டுவிட உட்கார்ந்தாள். விறைத்த கையில் துளை சிக்கவில்லை. கோணூசி அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கப்பல் கிளம்புவதற்குள் ஏற்றி முடிக்க வேண்டுமென்று மேஸ்திரிக்கும் மற்றவர்களுக்கும் ஆள் வந்தது. போகாவிட்டால் நாளை வேலை கிடையாது. மேஸ்திரி வண்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"நீ போ தம்பி. நான் கொண்டாந்து விடறேன்," என்றாள்.

வெறும் வண்டி அதிகமாக ஆடியது. கல் பாவிய தெருவில் அதன் சத்தம் முன்னால் ஓடியது. சந்தைக்குப் பக்கத்தில் ஓர் உப்பு வியாபாரி மூட்டைகளோடு நின்று இருபக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி சும்மாவா போகுது?"

அவள் நின்றாள். வலது பக்கம் போனால் கிடங்கு.

"சும்மாதான்."

"நாலு மூட்டை. பாலத்துக்கு அந்தப் பக்கம் இறக்கணும். யாரு வண்டிம்மா இது?"

"தெரியலை. விசாரிச்சுக்கிட்டு இருக்காங்க."

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு மூட்டையைத் தூக்க வந்தவர் பலகையைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார்.

"ஈரமா இருக்கே. உப்பு கரைஞ்சிடும்."

"இருங்க," என்றாள்.

தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். தலை இருந்த பக்கம் தொடங்கிக் கால் இருந்த பக்கம்வரை பலகையை அழுத்தித் துடைத்தாள்.