ஆறேகால் மணி ரயிலில் வருபவன்

கன்னியப்பன் குடியை நிறுத்திய மறுநாள், குடித்திருந்த கன்னியப்பன் ஆறேகால் மணி ரயிலில் வேப்பம்பட்டில் இறங்கி, தன் வீட்டு வாசலில் வந்து நின்றான். குடிக்காதவன் முந்தைய ரயிலிலேயே அம்பத்தூர் லேத் பட்டறையிலிருந்து திரும்பி, உள்ளே கால் கழுவிக்கொண்டிருந்தான். இருவருக்கும் ஒரே முகம், ஒரே நீலச்சட்டை. வெளியே நின்றவனின் சட்டையில் மட்டும் மூன்றாவது பொத்தான் இல்லை. தெருவினர் பார்த்தனர், குழாயில் தண்ணீர் வரும் நேரமாகையால் குடங்களோடு போய்விட்டனர்.

முன்னரும் அவன் குடியை நிறுத்தாதவன் அல்லன். மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் கொடுத்து நிறுத்தினான். ஏழாம் வாரம் குடித்தான். மூன்று கார்த்திகைகளில் மாலை அணிந்து நாற்பத்தெட்டு நாள் நிறுத்தினான். மாலையைக் கழற்றிய கையே கிளாசைப் பிடித்தது. கெடு வைத்து விட்டவனுக்குக் கெடு முடியும் நாள் திருநாளாயிற்று. இம்முறை, ஆயுள் முழுக்கத் தொடமாட்டேன் என்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். திரும்பி வருவதற்குக் கெடு நாள் ஒன்றும் இல்லாமற்போனதால் குடிகாரன் வாசலுக்கே வந்துவிட்டான் என்பது அவன் மனைவி பேபி கண்ட விளக்கம். அதைவிடச் சிறந்த விளக்கத்தை இன்றுவரை எவரும் சொல்லவில்லை.

நாள்தோறும் வாசலில் வந்து நின்றவன் கதவை உடைக்கவில்லை, கொஞ்சினான். “தொறடி பேபி. நான்தான் உன் ஊட்டுக்காரன். உள்ள குந்திகினு கீறானே, அவன் டூப்பு. அவனுக்கு சிரிக்கத் தெரியுமா, கேளு.” உள்ளே இருந்தவனுக்கு உண்மையாகவே சிரிப்பு நின்றுபோயிருந்தது. நாளுக்கு நாள் இளைத்தான். ஆறேகால் ஆனதும் அவன் கை தானாகத் தாழ்ப்பாளை நோக்கி நகரும். ஆடியில் ஒருநாள் ஒரு சாண் அளவு திறந்துவிட்டான். அந்த ஒரு சாணுக்கு பேபியின் இடது மணிக்கட்டு முறிந்தது. கதவை மறுபடி சாத்தியவளும் அவளே.

மாவுக்கட்டோடு அவள் உதவி தேடினாள். ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருந்த எண்ணை அழைத்தால் மணி மட்டும் அடித்தது. அம்பத்தூரில் குடியை விட்டவர்கள் குழு ஒன்று கூடியதாகச் சொன்ன மாடி, செல்போன் கடையாகியிருந்தது. பூந்தமல்லி மறுவாழ்வு இல்லத்தில் ஆளை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். எவனை விடுவது என்று கேட்டாள், அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, நாத்தனார் வீட்டுக்குப் போகும் வழியில் முத்தாபுதுப்பேட்டையில் ஒரு வேப்பமரத்தைக் கண்டாள். அதனடியில் பதினொரு பேர் தள்ளாடி நின்றனர். பக்கத்து அறையின் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். அதே பதினொரு பேர் நாற்காலிகளில் அமர்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தனர். மூன்று மாதம் தேடிய இடம் இதுவே என்பதை அவளுக்கு ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வியாழன் கணவனை அழைத்துச் சென்றாள். கூட்டத்தை நடத்தியவர் அருள்மொழி, பஸ் மெக்கானிக். அவர் குடியை விட்டுப் பதினொரு ஆண்டு. “வா அண்ணாத்தே. உன்னுது கூடவே வந்துகினு கீதா? மரத்தாண்ட நிக்கட்டும், எடம் கீது.”

“ஆயுசுக்கும் வுட்டுட்டேன் சார். அப்பவும் வர்றான்.”

“ஆயுசு ரொம்பப் பெருசு, மாமே. இன்னிக்கி ஒரு நாளு வுடு.”

“நாளைக்கி?”

“நாளைக்கி வந்து கேளு.” பிறகு பேபியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “வெளிய நிக்கிற வரைக்கும் பயமில்லம்மா. வாசல்ல காணோம்னா மட்டும், போய்ட்டான்னு குஷியாய்டாத. ஊட்டுக்குள்ள தேடு.”

இரண்டு ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன. வாசலில் நின்றவன் மழையில் நனைந்தான், வெயிலில் காய்ந்தான், பால்காரனுக்கு வழி விட்டான். மூன்றாம் ஆண்டு பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, ஆறேகால் ரயில் வந்து போயிற்று. வாசலில் ஒருவரும் இல்லை. எதிர்வீட்டு கெங்கம்மாள் தேங்காய் உடைக்கச் சொன்னாள். உள்ளே நாற்காலியில் இருந்த கன்னியப்பன் சிரித்தான்.

“வுட்டுது சனியன்! இன்னிக்கி கூட்டம் வேணாம் பேபி. ஜாலியா ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்.”

பேபி துணிக் கம்பெனியில் குறை பார்க்கும் வேலை செய்பவள். அவள் கண் அவன் சட்டையில் இறங்கியது. காலையில் இருந்த மூன்றாவது பொத்தான் இல்லை.

அவள் கூச்சலிடவில்லை. முறிந்து சேர்ந்த கையால் அவன் மணிக்கட்டைப் பற்றி, ரயிலிலும் ஷேர் ஆட்டோவிலும் பிடி விடாமல் கொண்டுபோனாள். வழி நெடுக அவன் கொஞ்சினான், ஏசினான், அழுதான். அறையில் நிறுத்தினாள். அருள்மொழி பெயரைக் கேட்டார். அவன் வாய் நெடுநேரம் திறந்து திறந்து மூடிற்று.

“கன்னியப்பன்,” என்றான் கடைசியில். “குடிகாரன்.”

அறைக்கதவு தானே ஒருமுறை திறந்து சாத்திக்கொண்டது. வேப்பமரத்தடியில் பன்னிரண்டாமவன் போய் நின்றான். டீ ஆறுவதற்குள் கூட்டம் தொடர்ந்தது.

இப்போதும் பேபி கதவைத் தாழிடுமுன் கேஸ் மூடியிருக்கிறதா, மோட்டார் சுவிட்ச் அணைந்திருக்கிறதா, அவன் வெளியே நிற்கிறானா என்று மூன்றையும் பார்க்கிறாள். மூன்றும் சரியாக இருந்தால்தான் அவளுக்கு உறக்கம் வருகிறது.