கறுப்பு மட்டும் இல்லாத பெட்டி

அடையாறில் என் அறைக்கு வருகிற எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "எனக்குப் படம் வரைய வராது." வராவிட்டால் ரொம்ப நல்லது. ஆர்ட் தெரபியில் மார்க் போடுகிற வேலையே கிடையாது. வாயில் வராததைக் கை காகிதத்தில் இறக்கி வைக்கும். அதை வைத்துக்கொண்டு நாங்கள் பேசுவோம். இதுதான் என் தொழில், இதில் நான் கெட்டிக்காரி.

வைரவன் அண்ணாச்சிக்கு தி.நகரில் சேலைக்கடை. மாடி கோடவுனில் தீப்பிடித்தபோது உள்ளே மாட்டிக்கொண்டார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு கடை வாசலில் கால் வைத்தாலே மூச்சு முட்டித் திரும்பிவிடுகிறார். மனநல டாக்டர் மாத்திரையும் கொடுத்து, என்னிடமும் அனுப்பினார். தை பிறந்ததும் கடையைத் திறக்க நாள் குறித்தாயிற்று. முதலாளி உள்ளே போவாரா என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் கவலை.

அவர் மனைவி தங்கபுஷ்பம் புது கிரேயான் பெட்டி வாங்கி, மூடியில் குங்குமம் வைத்துக் கொடுத்திருந்தார். வாரா வாரம் அண்ணாச்சி அந்தப் பெட்டியைத் திறந்து சிவப்பும் மஞ்சளுமாகத் தீயை வரைந்தார். முகூர்த்தப் பட்டு மாதிரி, பார்டரோடு. பார்க்க அழகு, ஆனால் மூச்சுமுட்டல் அப்படியே இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க பார்த்தது இதுதானா?"

கிரேயானைக் கீழே வைத்தார். "தீய நான் பார்க்கவே இல்லம்மா. புகைதான்."

"அப்ப புகைய வரைங்க."

"அந்தக் கலரு பெட்டியில இல்லையே."

எட்டிப் பார்த்தேன். கறுப்பு இருக்க வேண்டிய இடம் காலி. வெளியே உட்கார்ந்திருந்த தங்கபுஷ்பத்திடம் போய்க் கேட்டேன்.

"நான்தான் எடுத்து வச்சேன், ஜுவேரியா மேடம். கல்யாண ஜவுளி எடுக்க வாறவங்க முன்னால கறுப்ப விரிக்க மாட்டோம். இதுவும் நல்ல காரியம்தானே?"

கோபம் வந்தது, பின்னாலேயே சிரிப்பும் வந்தது. என் மேஜையிலிருந்த கறுப்பை அண்ணாச்சியிடம் கொடுத்தேன்.

காகிதம் கிழிகிற அளவுக்குத் தேய்த்தார். மணிக்கட்டு வரை கறுப்பு. தேய்த்துக்கொண்டே அழுதார். நடுவில் ஒரு சின்ன இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டிருந்தார்.

"இது என்ன அண்ணாச்சி?"

"மெஹபூப் அலியோட கை. நம்ம கடை சேல்ஸ்மேன். அதப் புடிச்சுத்தான் வெளிய வந்தேன்."

இதை அவர் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

"உள்ள போறப்பவும் அதே கையைப் புடிச்சுக்கலாமே" என்றேன்.

திறப்பு நாளில் அப்படித்தான் போனார். வாசலில் வியர்த்தது, நின்றார், மெஹபூபின் கையை இறுக்கினார். திரும்பவில்லை.

முதல் போணி நான். "கறுப்புல ஒரு சேலை காட்டுங்க" என்றேன், வேண்டுமென்றே.

தங்கபுஷ்பம் என்னை முறைத்தார். பிறகு கணவரின் முகத்தைப் பார்த்தார். தானே குனிந்து அடித்தட்டிலிருந்து ஒரு கறுப்புச் சேலையை உருவி அவர் முன்னால் வைத்தார்.

"விரிங்க" என்றார்.