உங்கள் கையெழுத்து போதும்

என் மருமகளுக்கு எச்.ஐ.வி. இருப்பது ஐந்தாம் மாத ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. அது வந்தது என் மகன் வழியாக. வெளியூரில் பாலம் கட்டும் வேலையில் இருந்தான். முப்பத்திரண்டு வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஒரு பொய்யான வரியைக்கூடப் பதிய விடாதவன் நான். அதனால் இதையும் உள்ளபடியே எழுதுகிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவள் சீட்டின் மேல் சிவப்பு மையில் வட்டம் போட்டார்கள். எடை பார்க்கும் இடத்தில் ஆயா வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "ஏம்மா, உன்னைக் கடைசியிலதானே பாப்பாங்க? தள்ளி நில்லு. மெஷின்ல ஏறாதே."

வரிசையில் எங்கள் தெருப் பெண்கள் இருவர் இருந்தார்கள். ஒருத்தி எங்களைப் பார்த்தபடியே தன் வயிற்றைக் கையால் மூடிக்கொண்டு நகர்ந்தாள். அந்தப் பார்வைதான் என்னைச் சுட்டது. மருமகளின் முகத்தை நான் பார்க்கவில்லை.

"இனி அங்க போக வேண்டாம்" என்றேன் வீட்டுக்கு வந்ததும்.

"மாத்திரை அங்கதானே மாமா மாசாமாசம் தர்றாங்க. விடாம சாப்பிட்டா குழந்தைக்கு வராம காப்பாத்தலாமாம். பொறந்த உடனே அதுக்கும் மருந்து ஊத்தணுமாம்."

"பாத்துக்கலாம்."

"இந்த வாரத்தோட தீருது மாமா."

"ஒரு தடவை சொன்னா போதாதா?"

இன்னும் இரண்டு முறை கேட்டாள். பிறகு ஒருநாள் காலி மாத்திரை டப்பாவை என் மேஜையில், செய்தித்தாள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நான் அதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டேன்.

பிரசவத்துக்குத் தனியார் நர்ஸிங் ஹோம் ஒன்றைப் பிடித்தேன். அந்த டாக்டரின் வீட்டுப் பத்திரம் நான் பதிந்தது. ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது என்று படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். "ரிப்போர்ட் எதுக்கு சார்? உங்க கையெழுத்து போதும்" என்றார்.

பெண் குழந்தை. அறை முழுக்க உறவுக்காரர்கள். "மூக்கைப் பாரு, அப்படியே எங்க அண்ணன். கோபமும் அங்கதான் வந்து உக்காரப் போகுது" என்றாள் என் தங்கை. எல்லாரும் சிரித்தார்கள். மருமகள் என்னைக் கண்ணால் கூப்பிட்டாள். குனிந்தேன்.

"மாமா, மருந்து. இன்னைக்கே குடுக்கணும்."

"எல்லாரும் இருக்காங்க. பேசாம இரு."

நான்காம் நாள் வீட்டுக்கு வந்தோம். மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அன்றுதான் மருந்து ஆரம்பித்தார்கள்.

ஆறு வாரம் கழித்துக் குழந்தையின் ரத்த முடிவைச் சொல்லக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். குழந்தைக்கும் வந்திருந்தது.

ஆலோசகர் அம்மாள் பழைய பதிவேட்டைப் புரட்டினார். "ஆறாம் மாசத்துக்கு அப்புறம் பிரசவம் வரைக்கும் நீ வரவே இல்லையே. மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "யாரும் இல்ல மேடம். நான்தான் சோம்பல்பட்டு விட்டுட்டேன்."

"படிச்ச பொண்ணுதானே நீ? பெத்த பிள்ளைக்கு எவளாவது இப்படிச் செய்வாளா?"

அவள் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மடியில் குழந்தை தூங்கியது.

அந்த அம்மாள் பிறகு என்னைப் பார்த்தார். "வீட்டுல பெரியவர், நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா சார்?"

"சொல்றேன்" என்றேன்.