வழித்தெடுத்த நிழல்

பிப்ரவரி பதினொன்றாம் தேதி காலை, ஆய்வகத்தின் கீழ்த்தளத்தில், சுவரிலிருந்து கூரைவரை கறுப்பு பூசிய அறையில், ஒரு தட்டு கல்பொடி மீது வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. விளக்கு ஓர் இரும்புக் கையில் தொங்கியபடி மெல்ல நகர்ந்தது. ஒளியை அளக்கும் கருவி தட்டுக்கு நேர் மேலே நின்றது.

அந்தப் பொடி ஒரு குறுங்கோளுக்குப் பதிலாள். காற்றே இல்லாத குறுங்கோள். எவ்வளவு பெரிய தொலைநோக்கியிலும் வெறும் புள்ளி. சூரியனுக்கு நேர் எதிரே வரும் நாட்களில் மட்டும் அந்தப் புள்ளி சட்டென்று பளிச்சிடும். மேலே தளர்ந்த தூசி கிடப்பதால்தான் அப்படி என்று, தட்டருகே நின்ற ஆய்வாளரான அவள் இரண்டு வருடமாகச் சொல்லிவருகிறாள். வெளிச்சம் நம் முதுகுப் பக்கமிருந்து போனால் ஒவ்வொரு துகளும் தன் நிழலைத் தானே மறைத்துக்கொள்ளும். பார்ப்பவர் கண்ணுக்கு இருட்டே படாது. அதே பளிச்சைத் தட்டிலும் காட்ட வேண்டும். மாலைக் கூட்டத்துக்குள் காட்டாவிட்டால், அதைச் சொல்லும் தன் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியதுதான்.

திரையில் ஒளியின் அளவைக் காட்டும் கோடு படுத்தே கிடந்தது.

திரைக்கு முன்னால் இருந்தவன் அவள் கொழுந்தன். வீட்டிலும் வேலையிலும் எதிர்க்கட்சி. அந்தக் குறுங்கோள் வெறும் பாறை என்பது அவன் வாதம்.

"அண்ணி, கோடு நல்லாத் தூங்குது. எழுப்பவா?"

"வாயை மூடிட்டு அடுத்த தட்டை ஓட்டு."

"எத்தனை தட்டுதான் ஓட்டுறது? பாறைதான்னு ஒத்துக்கங்க. அண்ணன்கிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்."

அவள் பொடியை அள்ளிப் போட்டாள். கட்டிகளை உடைத்து, கரண்டியின் முதுகால் அழுத்தி, ஸ்கேல் விளிம்பால் ஒரே இழுப்பாக வழித்தாள். ஓரத்தில் சிந்தியதைக்கூடத் துடைத்தாள்.

"அடேங்கப்பா! படுக்கை விரிப்புல ஒரு சுருக்கம் இருந்தாலே அண்ணனுக்குத் திட்டு விழும். இங்க மண்ணையும் விட்டுவைக்கலையா?"

துடைத்த கை அப்படியே நின்றது. அவள் தட்டைப் பார்த்தாள். மேடில்லை, பள்ளமில்லை, துகளுக்கும் துகளுக்கும் இடையே சந்துகூட இல்லை. நிழலே விழாத இடத்தில் எந்த நிழல் மறையும்? காலையிலிருந்து ஒவ்வொரு தட்டிலும் அவளே அதை வழித்துப் போட்டிருக்கிறாள்.

"மக்கு!" என்று சிரித்துக்கொண்டே தலையில் குட்டிக்கொண்டாள்.

"யாரை?"

"என்னையத்தான். கேன்டீன்ல மாவு சலிக்கிற சல்லடை இருக்கும், வாங்கிட்டு வா."

"எதிர்க்கட்சிக்காரனையே ஏவுறீங்க பாருங்க!" என்றவன், ஓடாத குறையாகப் போனான்.

உயரத்திலிருந்து சலித்தாள். பொடி இஷ்டத்துக்கு விழுந்து குட்டிக் குட்டி மேடாகவும் பொந்தாகவும் நின்றது. ஸ்கேலைத் தேடித் துறுதுறுத்த கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். விளக்கு நகர்ந்து கருவியை ஒட்டி வந்தது. கோடு கடைசிக் கோணங்களில் விறுவிறுவென்று ஏறியது.

"அண்ணி…"

"சொல்லு."

"ஒண்ணுமில்ல. தும்மல் வருது, பொடி கலைஞ்சிடும். வெளியே போயிட்டு வந்துடறேன்."

மாலைக் கூட்டத்தில் கட்டுரை திரும்பப் பெறப்படவில்லை. விளக்கு கருவியை ஒட்டி நின்ற குறுகிய கோணங்களில் தட்டும் குறுங்கோளும் ஒத்துப்போயின. அகன்ற கோணங்களில் விலகின. தூசியோடு பாறைத் துண்டுகளையும் கலந்து அளந்து பார்க்கும் வேலை அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் சேர்த்து ஒதுக்கப்பட்டது.